தமிழ்99 பழகுவது – கடிதம்

வணக்கம். இந்த ஆண்டு மூன்று காரியங்களை முடிக்க நினைத்தேன்: தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது, அம்மாவின் சமையல் குறிப்புகளை அதிலேயே தட்டச்சு செய்வது, விட்டுப்போன வீணை வகுப்பில் மறுபடி சேர்வது. பல ஆண்டுகளாக ரோமன் எழுத்தில் அடித்தே தமிழ் எழுதி வருகிறேன். தமிழ்99-க்கு மாறினால் ஒரு பத்திக்கே அரைமணி போகிறது, சலித்து விட்டுவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவளுக்கு இது தேவைதானா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

தேவைதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. தமிழக அரசு அந்த ஆண்டே இதைத் தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் இருப்பதால் கைகள் மாறி மாறி வேலை செய்யும். ‘வாழ்க்கை’ என்று எழுத ஏழு தட்டு போதும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ஆங்கில எழுத்தாகப் பிரித்துப் பார்க்கும் வேலை ஒழிகிறது.

முதல் நாளிலேயே உண்மையான வேலையை அதில் செய்யப் பார்ப்பதால்தான் சலிப்பு வருகிறது. அவசரத்தில் கை பழைய முறைக்கே ஓடும். முதல் மாதம் சமையல் குறிப்புகளைத் தொடாதீர்கள். தினம் காலையில் இருபது நிமிடம் பயிற்சி மட்டும்.

நடுவரிசையில் தொடங்குங்கள். இடக்கைக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. இவற்றை வைத்தே அந்த, இந்த, தம்பி, மதிப்பு, இயக்கம் என்று எழுதலாம். பிறகு மேல்வரிசை: அகரத்துக்கு மேல் ஆகாரம், உகரத்துக்கு மேல் ஊகாரம் என்று நெடில்கள் குறிலுக்கு மேலேயே இருக்கும். விசைகளில் எழுத்து ஒட்டாதீர்கள். கண் கீழேயே போகும். படத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பலரும் தடுமாறுவது புள்ளியில்தான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதில் புள்ளி தானே விழும். இன எழுத்துகளுக்கும் அப்படியே: வெங்காயம், மஞ்சள், பூண்டு, வெந்தயம், சாம்பார், ஒன்றரைக் கரண்டி. இங்கெல்லாம் நடுவில் புள்ளி விசையைத் தொடவே வேண்டாம். உங்கள் அம்மாவின் குறிப்புகளைப் போல நல்ல பயிற்சிப் பாடம் கிடைக்காது, இரண்டாம் மாதம் அதற்கே. ஆனால் பப்பாளியும் பப்படமும் சண்டை பிடிக்கும். முதல் பகரத்தில் புள்ளி விழக்கூடாது என்பதால் அதன்பின் அகரத்தைத் தட்டவேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. மற்ற இடங்களில், ‘வாழ்க்கை’யின் ழகரத்தில் போல, புள்ளியை நீங்களே போடவேண்டும். சொல் முடிவில் வரும் புள்ளியும் அப்படித்தான். எண்ணெய், தயிர் இரண்டிலும் முதலில் மறப்பது அதைத்தான்.

இந்த அமைப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மணிக்கட்டை மேசையில் ஊன்றி விரலை மட்டும் நீட்டுவதால் வரும் வலி அது. கையையே சேர்த்து நகர்த்துங்கள்.

வீணையை விடவேண்டாம், மாலைக்கு வையுங்கள். விட்டுத் தொடங்குபவருக்கு இடது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தி அழுத்திக் காந்தும். அந்த விரல்களோடு உடனே விசைப்பலகையில் உட்கார்ந்தால் இரண்டும் கெடும்.

ஞாயிறுதோறும் ஒரே பத்தியை அடித்து, ஆன நிமிடத்தையும் பிழைகளையும் குறித்து வாருங்கள். பழைய வேகத்தில் பாதி வந்ததும் கணினியில் ரோமன் முறையை நீக்கிவிடலாம். அதற்கு முன் நீக்கினால் கடிதம் எழுதவே அலுப்பாகிவிடும். கைப்பேசியில் பழையதே இருக்கட்டும். அங்கே கட்டைவிரல்கள்தான் தட்டுகின்றன, பத்து விரல் பழக்கத்தை அது கெடுக்காது.