கல்லில் பதிந்த தொல்லிலைகள்: கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஐயா, பினாங்குக் கொடிமலையில் தொல்லிலைப் படிவம் கிடைக்குமா?

கிடைக்காது. அந்த மலை கருங்கல் மலை. ஆழத்தில் பாறைக்குழம்பு இறுகி உருவான கல்லில் இலை தங்காது. சேறும் மணலும் படிந்து இறுகிய பாறையைத் தேடுங்கள்.

சிரம்பான் வாசகி: பெரணி போன்ற இலைப்படிவம் பெரணியினுடையதுதானே?

இலையின் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். ஏறத்தாழ 36 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கார்பனிபெரஸ் கால நிலக்கரிப் பாறைகளில் கிடைத்த இத்தகைய இலைகள் பலவற்றை அறிஞர்களும் நெடுங்காலம் பெரணி என்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் பெரணிக்கு விதை கிடையாது. 1903இல் தாவரவியலாளர்கள் ஆலிவர், ஸ்காட் ஆகிய இருவரும், தனியே கிடைத்திருந்த ஒரு விதையின் உறையிலும் லைஜினோப்டெரிஸ் என்ற தாவரத்திலும் ஒரே வகைச் சுரப்பி முடிகள் இருப்பதைக் கண்டு, இரண்டும் ஒரே செடியின் உறுப்புகள் என்று நிறுவினர். பெரணி இலையோடு விதையும் தாங்கிய அந்தக் கூட்டம் இன்று முற்றிலும் அழிந்துவிட்டது. விதையைத் தாய்ச்செடியோடு இணைத்துக் காட்டியது இலையன்று, நுண்ணோக்கியில் தெரிந்த ஒரு முடி என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஜொகூர் பாரு வாசகர்: மலேசியாவில் குளோசாப்டெரிஸ் என்ற தொல்தாவரத்தின் இலை உண்டா?

ஜொகூரின் லிங்கியூவில் கிடைத்தவை பெர்மியன் காலத்து (ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஜிகாண்டாப்டெரிஸ் வகை இலைகள். சீனத்துத் தாவரங்களின் உறவினர். குளோசாப்டெரிஸோ இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகியவற்றுக்குரியது. நடுநரம்பும் வலைப்பின்னல் நரம்புகளும் கொண்ட அதன் இலை மாவிலை போலத் தோன்றினாலும், அது பூக்கும் தாவரம் அன்று.

கிள்ளான் வாசகர்: தீபகற்பத்தின் மேற்குப் பாதி கோண்டுவானா என்ற பழைய தென் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வந்தது என்கிறார்கள். அப்படியானால் அங்கே குளோசாப்டெரிஸ் இருந்தே தீர வேண்டுமே?

நல்ல வாதம். தீபகற்பத்தை இரண்டாகப் பிரிக்கும் பெந்தோங்–ரவுப் கோட்டுக்கு மேற்கிலுள்ள நிலத்துண்டு கோண்டுவானாவைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்தக் காலத்து லங்காவிப் பாறைகள் பனிக்கட்டி சுமந்து வந்து போட்ட கூழாங்கற்கள் நிறைந்த கடற்சேறு. அங்கே காட்டிலையை எதிர்பார்க்க இயலாது. பெர்மியன் முற்பகுதியிலேயே அத்துண்டு பிரிந்து வடக்கே நகரத் தொடங்கிவிட்டது.

அதே வாசகர்: பல கண்டங்களில் ஒரே இலை என்றால், இடையிலிருந்த நிலம் மூழ்கிவிட்டது, அதுவே குமரிக்கண்டம் என்று பொருளாகாதா?

ஆகாது. குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் இலெமூரியா என்பது லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் முன்வைத்த கருத்து. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பின் அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. கோண்டுவானா உடைந்து விலகியது, மூழ்கவில்லை. 1912இல் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் (முன்பு சொன்ன தாவரவியலாளர் அல்லர்) குழுவினர் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறுதிவரை இழுத்து வந்த ஏறத்தாழ 16 கிலோ கற்களில் குளோசாப்டெரிஸ் இலையும் இருந்தது. அண்டார்டிகா தன் இடத்தைவிட்டு விலகிப்போன நிலம் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. மேலும் குளோசாப்டெரிஸ் அழிந்து 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். சங்கப் புலவர்கள் பாடிய கடல்கோளை இந்த இலையின் மீது ஏற்றுவது இலக்கியத்துக்கும் நீதியன்று.

பட்டர்வொர்த், ஈப்போ, தைப்பிங் வாசகர்கள் (படங்களுடன்): இது இலையா?

மூன்றும் இலைகள் அல்ல. பாறை வெடிப்பில் மாங்கனீசு ஆக்சைடு கிளைத்துப் படிந்த கறுப்புக் கோலங்கள். நரம்பு இல்லை, காம்பு இல்லை. மீண்டும் சொல்கிறேன்: வடிவத்தை நம்பாதீர்கள்.

சுங்கை பட்டாணி வாசகர்: இதுவும் அதுவேயா?

அதுவே.

கோலாலம்பூர் வாசகி: பத்துமலைப் பாறையில்?

சிலூரியன் காலக் கடற்சுண்ணாம்பு. விதைத் தாவரங்கள் தோன்றுவதற்கு முந்தியது. இலைதான் வேண்டுமென்றால் பத்து ஆராங் நிலக்கரிப் படுகையைப் பற்றிப் படியுங்கள். அங்குள்ளவை மிகப் பிற்காலத்துப் பூக்கும் தாவரங்களின் இலைகள்.