டைல்ஸுக்கு மேல் மரத்தரை: மேல் மரத்தையும் ஓர இடைவெளியையும் பாருங்கள்

சென்னையில் மூன்றாவது மாடி வீடு, இரண்டு படுக்கையறைக்கு எஞ்சினியர்டு வுட் (பிளைவுட்டின் மேல் அசல் மரம் ஒட்டிய பலகை) போட ஆசை, பழைய டைல்ஸை உடைக்க வேண்டுமா, 14 மி.மீ. பலகை போதுமா, தேக்கா ஓக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைல்ஸை உடைக்க வேண்டாம். தட்டிப் பாருங்கள், பொக்கென்று ஒலிக்கிற டைல்ஸை மட்டும் எடுத்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு மீட்டர் அலுமினியப் பட்டை ஒன்றைத் தரையில் வைத்து, அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் பலகை போட விடாதீர்கள், இல்லையென்றால் கால் வைக்கும்போதெல்லாம் அமுங்கி, நாளடைவில் பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் பூட்டு விட்டுப்போகும்.

தேக்கா ஓக்கா என்பது பெரும்பாலும் நிறமும் விலையும்தான். கடையில் சாம்பிள் துண்டை வாங்கி, அதன் வெட்டுப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட், அதன்மேல் ஒரு பட்டையாக அசல் மரம். அந்தப் பட்டையின் கனம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மரம். 14 மி.மீ. பலகையில் அது 3 மி.மீ. இருந்தால், பல வருஷம் கழித்துக் கீறல் விழுந்ததும் ஓரிரு முறை தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் போடலாம், 0.6 மி.மீ. மட்டும் இருந்தால் ஒரு முறைகூட மெஷின் வைக்க முடியாது. அசல் மரமே இல்லாமல் மரத்தின் படம் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தால் அது லேமினேட், அதற்கு இந்த விலை கொடுக்காதீர்கள்.

சரி, போடும் வேலை. நான் பார்த்தவரை கெட்டுப்போகிற தரைகளில் பாதிக்கு மேல் பலகையின் குற்றமே இல்லை. ஐப்பசி மழையில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் அறையின் நடுவில் தரை கூடாரம் மாதிரி எழும்பி நின்றது, காலால் அழுத்தினால் தொம்மென்று இறங்கி மறுபடி எழும்பியது. ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஓடும் பட்டையை, கழற்றியதும் விஷயம் புரிந்தது, பலகையைச் சுவரோடு ஒட்டி இறுக்கியிருந்தார்கள். ஈரக்காற்றில் மரம் விரியும், விரிய இடமில்லை என்றால் மேலேதான் எழும்பும். நான்கு சுவரோரத்திலும், கதவு நிலையின் அடியிலும் 10 மி.மீ. விடச் சொல்லுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அந்த இடைவெளியில் சிமெண்ட், பசை எதுவும் போகக் கூடாது. சுவரோடு செய்யும் கனமான அலமாரியை இந்தத் தரைமேல் நிறுத்தாதீர்கள், முதலில் அலமாரி, பிறகு பலகை.

பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் இரண்டு மூன்று நாள் படுக்கவைத்து வையுங்கள், ஏசி போடும் அறை என்றால் வழக்கம்போல் போடுங்கள். தரையில் முதலில் பாலிதீன் விரிப்பு, அதன்மேல் 2 மி.மீ. ஃபோம், அதற்குமேல் பலகை. மொத்தம் 16 மி.மீ. ஏறுவதால் கதவின் அடியைச் சீவ வேண்டிவரும், அதை ஆசாரியிடம் முன்பே பேசிவிடுங்கள். சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட வாங்குங்கள், மிச்சத்தில் நாலு பலகையைப் பத்திரப்படுத்தி வைத்தால் பின்னால் மாற்ற உதவும்.

குளியலறை வாசலில் மட்டும் டைல்ஸையே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகையைத் தொடங்குங்கள். வேலைக்கு வருகிற அக்காவிடம் துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கச் சொல்லுங்கள், வாளித் தண்ணீர் அந்த அறைக்குள் வரவே வேண்டாம்.