விருட்டென்று நழுவ முடியுமா?

கதை எழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “விருந்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், தனக்குக் கடன் கொடுத்தவர் உள்ளே வருவதைப் பார்க்கிறான். ‘அவன் விருட்டென்று நழுவினான்’ என்று எழுதினேன். படித்த நண்பர், ‘நழுவினான்’ என்பது கொச்சை, ‘புறப்பட்டான்’ என்று மாற்று என்கிறார். மாற்ற வேண்டுமா?”

மாற்ற வேண்டாம். ‘நழுவு’ கொச்சைச் சொல் அல்ல. அச்சில் தாராளமாகப் புழங்கும் நல்ல தமிழ்ச் சொல். ‘புறப்பட்டான்’ என்று எழுதினால் உங்கள் ஆள் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதுபோல் ஆகிவிடும். ஆனால் உங்கள் வாக்கியத்திலும் ஒரு பிசகு இருக்கிறது. அது ‘நழுவினான்’ என்பதில் இல்லை, ‘விருட்டென்று’ என்பதில் இருக்கிறது.

ஈரக் கையில் சோப்பைப் பிடித்துப் பாருங்கள். இறுக்க இறுக்க அது வழுக்கும். சத்தமில்லாமல் விரல்களுக்கு நடுவே வெளியே வந்துவிடும். போன பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரியும். இதுதான் நழுவுதல். அதற்கு முதலில் ஒரு பிடி வேண்டும். இடுப்புத் துணி நழுவுகிறது, தோளிலிருந்து துண்டு நழுவுகிறது, கிடைக்கவிருந்த வாய்ப்பு கைநழுவிப் போகிறது. எங்கும் ஏதோ ஒன்று மற்றொன்றைப் பற்றியிருக்கிறது. பிடியே இல்லாத இடத்தில் நழுவ முடியாது. பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனால் அவர் நழுவவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான்.

மனிதர்களைச் சொல்லும்போது இந்தப் பிடி ஒரு கடமையாகவோ கேள்வியாகவோ கடனாகவோ, காத்திருக்கும் இன்னொரு மனிதராகவோ இருக்கும். ‘கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்’ என்ற பழமொழி இதைத்தான் பிடித்துக் காட்டுகிறது. எல்லா மீனும் ஒரே கையில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் அகப்படாமல் வழுக்குகிறது.

இனி, ‘விருட்டென்று’ என்பதில் இருக்கும் அந்தத் திடீர் எங்கிருந்து வருகிறது? நழுவுகிறவன் அவசரப்படுவதில்லை. கதவைப் பார்ப்பான், ஓரமாக நகர்வான், ஆள் பார்க்காத நேரம் பார்த்து வெளியேறுவான். அவனுக்கு அது மெதுவான வேலை. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது திடீர்: ‘இப்போதுதானே இங்கே இருந்தான், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்!’ ஆகவே அவன் பக்கமிருந்து எழுதினால் ‘மெல்ல நழுவினான்’, ‘நைசாக நழுவினான்’ என்பவை பொருந்தும். விட்டுச் செல்லப்பட்டவர் பக்கமிருந்து எழுதினால், ‘சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டான்’. ‘விருட்டென்று’ இரண்டுக்கும் ஒட்டாது. அது பெரும்பாலும் கோபத்தின் வேகம். நாற்காலி பின்னால் சரிய, நாலு பேர் நிமிர்ந்து பார்க்க எழுந்து போகிறவனுக்கு உரியது. விருட்டென்று போகிறவன் தன்னை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான். நழுவுகிறவன் யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைக்கிறான்.

பக்கத்துச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ‘நடையைக் கட்டினான்’ என்பதில் இனி இங்கே வேலை இல்லை என்ற முடிவு இருக்கிறது, ஒளிவு இல்லை. ‘கம்பி நீட்டினான்’ என்றால் பெரும்பாலும் யாரையோ ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறான். பேச்சு நடை கலந்த தொடர் என்பதால் கதைக்கு ஆகும், அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. ‘கழன்றுகொண்டான்’ என்பவன் இடத்தை விட்டே போகாமல் இருக்கலாம். பொறுப்பை மட்டும் உதறியிருப்பான்.

வேற்றுமை உருபில் பலர் தடுக்கிவிழுகிறார்கள். ‘அறையை நழுவினான்’ என்பது தவறு. இது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘அறையிலிருந்து நழுவினான்’, ‘அறையை விட்டு நழுவினான்’ என்றுதான் வரும். ஆளானால் ‘அவரிடமிருந்து நழுவினான்’. செயப்படுபொருள் வேண்டுமென்றால் ‘நழுவவிடு’ இருக்கிறது: ‘வாய்ப்பை நழுவவிட்டான்’. இங்கே குற்றம் இடம் மாறுவதைக் கவனியுங்கள். நழுவிய வாய்ப்பின்மேல் பழி இல்லை, பிடித்திருந்தவன்மேல் விழுகிறது. ஆள் நழுவினாலோ பழி நழுவியவனுக்கே. ‘நழுவிச் சென்றான்’, ‘நழுவிப் போனான்’ என எழுதும்போது ஒற்று மிகும், அதை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெய்ப்புத் திருத்தும் வேலையில் ஒருமுறை, ‘சிறப்பு விருந்தினர் பாதியிலேயே நழுவினார்’ என்ற வரி வந்தது. விசாரித்தால், அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வினை அவரை ஏய்ப்பவராக்கிவிட்டது. ‘விடைபெற்றார்’ என்று திருத்தினேன். உண்மை மனிதர்களைப் பற்றி எழுதும்போது, பிடி இருந்ததா, அவர் அதைத் தவிர்க்கத்தான் போனாரா என்று உறுதியாகத் தெரியாமல் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘கேள்விக்கு நழுவலாகப் பதில் சொன்னார்’ என்பதற்கும் இது பொருந்தும். தன்மையில் வரும்போது மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ‘நான் நழுவிவிட்டேன்’ என்பது தானே ஒப்புக்கொள்வது.

உங்கள் கதையில் கடன் இருக்கிறது, கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். பிடி உறுதியாகவே இருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவன் பாதிச் சாப்பாட்டில், கை கழுவப் போகிறவன்போல எழுந்து, பின்வாசல் வழியாக மெல்ல நழுவினான்.’