குடவோலை ஊரும் குளத்தங்கரை நடுகல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் போகலாம் என்று இருக்கிறோம். குடவோலைக் கல்வெட்டைத் தவிர அங்கே பார்க்க வேறு ஏதாவது உண்டா?

பதில்: நிறையவே உண்டு, அரை நாளாவது ஒதுக்குங்கள். குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஊர் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த முறையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு இருப்பது வைகுண்டப் பெருமாள் கோயிலில். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. போகும் வழியிலேயே பிள்ளைகளுக்கு அதில் இருக்கும் கதையைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்களுக்குச் சுவர் முழுக்கக் கீறல்தான் தெரியும்.

ஊரை 30 குடும்புகளாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபை மொத்தமும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலைக் கட்டு ஒன்றை எடுப்பான், அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியபின் அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அந்த ஓலையை மத்தியஸ்தர் என்ற சபை அலுவலர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், உரக்கப் படிக்க வேண்டும், அப்புறம் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிட வழியே இல்லை. இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்களே என்று எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்படிக் குடும்புக்கு ஒருவராகத் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். இதில் ஏரி வாரியத்தைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் கோயிலைப் பார்த்த கையோடு ஊர் ஏரிக்கும் போக வேண்டும். கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்று குறிப்பிடும் பல்லவர் காலத்து ஏரி இந்த ஊருடையது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆறு பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். கல்வெட்டையும் ஏரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஊர் எப்படி நடந்தது என்பது பிடிபடும்.

சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். மூன்று தளத்திலும் பெருமாள், கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். கைலாசநாதர் கோயிலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: உலகத்தின் முதல் ஜனநாயகத் தேர்தல் உத்திரமேரூரில்தான் நடந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலேயே அது முதலாவது இல்லை. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்தைத் திறந்து ஓலை எடுக்கும் ஆட்கள் உவமையாக வந்துவிடுகிறார்கள். நெல்லைப் பக்கம் மானூரில், இதைவிட நூறாண்டுக்கு மேல் முந்திய பாண்டியர் கல்வெட்டு சபை உறுப்பினராக என்ன தகுதி வேண்டும் என்று பேசுகிறது.

அடுத்தது, உத்திரமேரூரில் குடத்துக்குள் எல்லார் பெயரும் போகவில்லை. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, இதெல்லாம் இருக்கும் ஆண்களுக்குத்தான் ஓலை. பெண்கள் இல்லை, நிலத்தில் உழைத்தவர்கள் இல்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெருமைப்பட வேண்டிய இடம் வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய மாமனார், மருமகன், மைத்துனர், அப்பா, பிள்ளை என்று நெருங்கிய உறவுகளும் நிற்க முடியாது. ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுக்கு வர முடியாது. இதைப் போட்டு ஃபார்வேர்டு பண்ணச் சொல்லுங்கள், நானும் நாலு பேருக்கு அனுப்புகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் வாளோடு ஒரு வீரன் நிற்கிற கல் இருக்கிறது. மேடை கட்டி, பெயின்ட் அடித்து வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: பெயின்ட் வேண்டவே வேண்டாம். சிமென்டும் வேண்டாம். அது பெரும்பாலும் நடுகல்லாக இருக்கும், ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கோ ஊரைக் காத்து விழுந்தவனுக்கோ நட்டது. உருவத்தின் தலைக்கு மேலும் பக்கத்திலும் எழுத்து இருக்கிறதா என்று காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து கல்லில் மிக மெலிதாகத்தான் வெட்டப்பட்டிருக்கும், இரண்டு பூச்சு பெயின்ட் போதும், அந்த ஆள் யார் என்பதே போய்விடும்.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால், அந்தக் கல்லின் மேல் யாரும் எதையும் பூசாமல் விட்டதால்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன, அவை இதைவிடப் பல நூறாண்டு பழையவை.

இப்போதைக்குச் சுற்றியிருக்கும் முள்ளை வெட்டுங்கள், படம் எடுங்கள், மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பூசை நடந்தால் நடக்கட்டும், அதனால்தான் பல கற்கள் இன்னும் நிற்கின்றன. எண்ணெயும் மஞ்சளும் எழுத்தின் மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: கோயில் திருப்பணியில் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். தடுக்க வழி உண்டா?

பதில்: வேலை தொடங்கும் முன்பே செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சுண்ணாம்பை எடுக்கத் தண்ணீரும் நார்த் தூரிகையும் பொறுமையும் போதும், மணல் பீய்ச்சினால் கல்லின் மேல்தோலே உரிந்து எழுத்தும் அதோடு போய்விடும். திருப்பணிக்கு முன் கல்வெட்டுகளை மைப்படி எடுத்துவிடும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுப்பது, எழுத்து வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் பதியும். சுவருக்கு என்ன ஆனாலும் அந்தத் தாள் இருக்கும்.