மைக்ரோசாஃப்ட் வழக்கும் நீதிபதி ஜாக்சனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கைப் பற்றிப் படித்தேன். நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்ன நீதிபதி ஜாக்சனை, பத்திரிகையாளர்களிடம் பேசினார் என்பதற்காக வழக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அத்தனை நாள் சாட்சிகளைக் கேட்டவருக்கு ஓர் அபிப்பிராயம் வராமலா இருக்கும்? மனதில் பட்டதைச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? பணக்கார நிறுவனம் தப்பிக்க ஒரு சந்து கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அபிப்பிராயம் வந்ததில் தவறே இல்லை. சாட்சியைக் கேட்டு ஒரு முடிவுக்கு வருவதுதான் நீதிபதியின் வேலை. பில் கேட்ஸின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். தன் பெயரில் போன மின்னஞ்சலே நினைவில்லை என்கிறார். ‘நாம்’, ‘கவலை’ போன்ற சொற்களுக்குக்கூட என்ன பொருளில் கேட்கிறீர்கள் என்கிறார். ஓரிடத்தில் நீதிபதியே சிரித்துவிட்டார். சரி, இந்த மனிதரை நம்ப முடியாது என்று பட்டால் தீர்ப்பில் எழுதலாம். எழுதினால் மைக்ரோசாஃப்டின் வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, தவறு என்று மேலே போய் வாதாடலாம்.

ஜாக்சன் செய்தது அதுவல்ல. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சில நிருபர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். இறுதித் தீர்ப்பு வரும்வரை எதையும் அச்சிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. எனக்குப் பொறுக்காதது இந்த நிபந்தனைதான். வெளியே தெரிந்திருந்தால், ‘நீங்கள் இந்த வழக்கை விசாரிக்கக் கூடாது’ என்று மைக்ரோசாஃப்ட் அன்றைக்கே மனு போட்டிருக்கும். அந்த வாய்ப்பை அவர் அடைத்துவிட்டார்.

2000 ஜூன் 7 அன்று தீர்ப்பு வந்தது. உடனே பேட்டிகளும் வெளிவந்தன. கேட்ஸுக்குத் தன்னைப் பற்றி நெப்போலியன் என்ற நினைப்பு என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒரு கோவேறு கழுதைக் கதை. இத்தனை வித்தைகளை எப்படிப் பழக்கினாய் என்று கேட்டவர் முன்னால், பழக்குபவன் ஒரு கட்டையை எடுத்து அதன் மண்டையில் போடுகிறான். அது முட்டி மடிந்து விழுகிறது. ‘முதலில் அது நம்மைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்’ என்கிறான். கதையைச் சொல்லிவிட்டு, மைக்ரோசாஃப்ட் இப்போது என்னைக் கவனித்திருக்கும் என்று நம்புகிறேன் என்றாராம். தண்டனையை எழுதும் கையில் கட்டை இருந்தது என்று நினைக்க யாருக்குத்தான் தோன்றாது?

இதில் இன்னொன்றும் உண்டு. 1995-இல், மைக்ரோசாஃப்டின் முந்தைய வழக்கு ஒன்றில், நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கினை, பின்னால் ஜாக்சனை நீக்கிய இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. அந்த நிறுவனத்தைப் பற்றித் தான் படித்த ஒரு புத்தகத்தை விசாரணைக்குள் கொண்டுவந்தார் என்பது ஒரு காரணம். அந்த வழக்கு அடுத்து யாரிடம் போனது தெரியுமா? ஜாக்சனிடம்தான். அந்த நீதிமன்றம் இந்த விஷயத்தில் எவ்வளவு கறார் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

சந்து என்கிறீர்கள், அது பாதிதான் சரி. 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். உள்ளுக்குள் ஜாக்சன் ஒருதலைப்பட்சமாக நடந்ததற்குச் சான்றில்லை, அப்படித் தோன்றும்படி நடந்ததே போதும் என்று அவரை நீக்கினார்கள். ஆனால் 76 நாள் விசாரணையில் அவர் கண்டறிந்த உண்மைகளைத் தள்ளவில்லை. கணினி விற்பவர்கள் மைக்ரோசாஃப்டின் இணைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுக்கக் கூடாது என்று தடுத்தது உட்பட, ஏகபோகத்தைக் காக்கச் செய்த பல காரியங்கள் சட்டவிரோதம் என்பது நிலைத்தது. உடைக்கும் உத்தரவு ரத்தானதற்குப் பேட்டிகள் மட்டும் காரணமல்ல. எந்தத் தண்டனை பொருந்தும் என்று சாட்சி வைத்து விசாரிக்காமலே உத்தரவு போட்டுவிட்டார் என்பதும் ஒரு காரணம்.

வழக்கு வேறு நீதிபதியிடம் போனது. அதற்குள் ஆட்சி மாறி, உடைக்கும் கோரிக்கையை அரசே கைவிட்டு, சமரசத்தில் முடிந்தது. உங்கள் கோபம் எனக்கும் உண்டு, எஸ். அதை அந்த ஏழு பேர் மீது காட்டாதீர்கள். மைக்ரோசாஃப்டுக்கு இல்லாத ஒரு வாதத்தை அதன் கையில் கொடுத்தவர் ஜாக்சன்தான்.