ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள், தம்பி

டெட்ராய்ட்டுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, உடன் வேலை பார்ப்பவர் மூலம் 1970 பிளிமத் குடா கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 'அசல் ஹெமி', அதாவது ஆலையிலேயே ஹெமி எஞ்சின் பூட்டி வந்தது என்கிறார்கள், சேமிப்பைப் போட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அந்த எஞ்சினின் உறுமலைக் கேட்டவனுக்கு இப்படி ஓர் ஆசை வருவது இயல்பு, எனக்கும் வந்தது.

பணத்தை எடுக்கும் முன் டார்ச் விளக்கோடு போய், முன் கண்ணாடி வழியே டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க ஓரத்தைப் பாருங்கள். சிறு தகட்டில் காரின் அடையாள எண் இருக்கும். கூரையுள்ள அசல் ஹெமி குடாவின் எண் 'பிஎஸ்23ஆர்0பி' (BS23R0B) என்று தொடங்கும். ஐந்தாவதாக வரும் 'ஆர்' தான் 426 ஹெமி. கடைசி 'பி' பக்கத்து ஹாம்ட்ராமிக் ஆலையைக் குறிக்கிறது. ஐந்தாவது எழுத்து வேறாக இருந்தால், வேறு எஞ்சினோடு பிறந்த காரில் யாரோ பின்னாளில் ஹெமியை இறக்கியிருக்கிறார்கள். 'ஆர்' இருந்தாலும் நின்றுவிடாதீர்கள். எஞ்சின் பிளாக்கிலும் அதே எண்ணின் பின்பகுதி பொறித்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்த எஞ்சின் அப்படிப்பட்டது. 426 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர். எரியறையின் மேற்புறத்தைப் பாதிப் பந்துபோலக் குடைந்திருப்பார்கள். அதனால் இரண்டு வால்வுகளும் எதிரெதிராகச் சாய்ந்து, பெரிதாக உட்கார இடம் கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. காற்று தடையில்லாமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். 1964 டேட்டோனா 500 பந்தயத்தில் இந்த எஞ்சின் பூட்டிய பிளிமத்துகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. முதலில் வந்தவர் ரிச்சர்ட் பெட்டி. சாலையில் ஓட்டுவதற்கான வடிவம் 1966இல் வந்தது. இரண்டு பெரிய கார்புரேட்டர்கள், காகிதத்தில் 425 குதிரைத்திறன். உண்மையில் அதைவிட அதிகம் என்றே இங்குள்ள பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

இன்று கோடிகளில் பேசப்படும் இந்தக் காரை அன்று வாங்க ஆள் இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் டாலர் காருக்கு எஞ்சினுக்காக மட்டும் ஏறக்குறைய 870 டாலர் கூடுதல். இளைஞர்களுக்கோ காப்பீட்டுக் கட்டணமே எட்டாத உயரம். 1970இல் கூரையுள்ள ஹெமி குடா 652தான் விற்றது, திறந்த கூரை வண்டி 14. 1971உடன் அந்த எஞ்சினே நின்றுபோனது. அந்தக் கடைசி வருடத்துத் திறந்த கூரை வண்டி ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இப்படி விலை ஏறிய இடத்தில் போலி வராமல் இருக்குமா?

2009இல் நான் ஒருவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஹாம்ட்ராமிக் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் துணைக்கு வந்தார். பானட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை. தகட்டைப் பார்த்தார், அசல் இல்லை என்று தலையை அசைத்தார். முன்பணம் திரும்பி வரவில்லை.

மாற்றிப் பொருத்திய வண்டி கேவலமானது என்று நான் சொல்லவில்லை. ஓட்டும் சுகம் அதிலும் உண்டு. அதற்குரிய விலை கேட்டால் தாராளமாக யோசியுங்கள். ஆனால் அடிப்பகுதியைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இந்த ஊரின் அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது; குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையெல்லாம் உப்பு, அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மிச்சிகன் பனியில் நாலு வருடம் ஓடிய பழைய காரின் அடித்தகடு விரலால் குத்தினாலே உதிரும்.

விற்பவர் அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள் ஓடும். பானட்டைத் திறந்து வைத்து, கேட்டவருக்கெல்லாம் பொறுமையாக விளக்குவார்கள். ராயல் ஓக்கில் பதின்மூன்றாம் மைல் சாலை முனையில் காலையிலிருந்தே நாற்காலி போட்டிருப்பேன். அந்தத் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், பெரியவரும் இருப்பார்.