நியூகிரேஞ்சின் மூடிய வாசல்

அன்புள்ள ஐயா,

டப்ளினில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனபோது நியூகிரேஞ்சுக்கும் போய்வந்தேன். அந்தக் கல்லறை மேட்டுக்குள் விளக்கை அணைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊர் திரும்பியதும் நாவல் ஒன்று தொடங்கினேன். அந்த மேட்டைக் கட்டிய, ட்ரூயிட்கள் எனப்படும் கெல்டிய இனத்துக் குருக்களில் ஒரு பெண்தான் நாயகி. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று அவள் உள்ளே நடத்தும் சடங்குதான் முதல் அத்தியாயம். அதைப் படித்த நண்பர், "கெல்டிய ஆன்மிகம் என்பதே பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கதை, இதையெல்லாம் எழுதாதே" என்கிறார். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கிழிக்க வேண்டாம். நாயகியை மட்டும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள்.

நியூகிரேஞ்ச் ஏறத்தாழ கி.மு. 3200ல் கட்டப்பட்டது. கீசா பிரமிடுகளைவிட மூத்தது. ட்ரூயிட்களைப் பற்றி விரிவாக நமக்குச் சொல்பவர் ஜூலியஸ் சீசர். அது கி.மு. முதல் நூற்றாண்டு, அதுவும் இன்றைய பிரான்ஸ் பக்கத்து 'கால்' (Gaul) நாட்டைப் பற்றி, படையெடுத்துப் போனவர் எழுதியது. சிலர் இருபது ஆண்டுகள் வரை செய்யுள்களை மனப்பாடம் செய்தார்கள், சமய விஷயங்களை எழுதிவைப்பதை முறையல்ல என்று கருதினார்கள் என்கிறார் அவர். அதனால் ஒரு ட்ரூயிட் தன் வாயால் சொன்ன ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை. மேட்டின் உள்ளறையில் பார்த்திருப்பீர்களே, மூன்று சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிய கோலம்; மோதிரத்திலும் சங்கிலியிலும் கெல்டியச் சின்னம் என்று விற்கிறார்களே, அதுவும் அந்தக் கற்காலக் கைகள் செதுக்கியதுதான்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. இங்கிலாந்தில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கல்வட்டம் ட்ரூயிட்களின் கோயில் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் 1740ல் வெளியான வில்லியம் ஸ்டூக்லியின் நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1792ல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் அயோலோ மோர்கனுக் என்ற வேல்ஸ்காரர் தொன்மையான சடங்கு என்று சொல்லி ஒன்றை நடத்தினார். அது அவர் உருவாக்கியது. தானே எழுதிய கவிதைகளைப் பழம்புலவர்களின் பேரில் உலவவிட்டவரும் அவர்தான். ஆனால் இதைவைத்துக்கொண்டு எல்லாமே கட்டுக்கதை என்று முடிவுகட்டினால், உங்கள் நாவலுக்கு வேண்டிய நல்ல சரக்கும் கையைவிட்டுப் போய்விடும்.

அது அந்த மேட்டின் வாசலிலேயே கிடைத்தது. அகழாய்வில் அங்கே ரோமானிய நாணயங்களும் பொன் அணிகளும் அகப்பட்டன. ரோமானியப் பேரரசர்களான டொமிஷியன் காலம் முதல் ஆர்காடியஸ் காலம் வரை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நானூறு வாக்கில் வரை, யாரோ வந்து காணிக்கை வைத்துப் போயிருக்கிறார்கள். அயர்லாந்து ரோமானியப் படை கைப்பற்றாத தீவு. நாணயங்கள் கடல் தாண்டி அங்கே வந்திருக்கின்றன. அப்போது மேடு சரிந்து வாசல் புதைந்துகிடந்தது. 1699ல் நிலச் சொந்தக்காரரின் ஆட்கள் கல் எடுக்கப் போனபோதுதான் அது மறுபடி வெளிப்பட்டது. இப்போது உங்கள் நாயகியை நினைத்துப் பாருங்கள். அவளால் உள்ளே போகவே முடியாது. நீங்கள் பார்த்த அறையை அவள் பார்த்ததில்லை. யார் கட்டினார்கள் என்றும் அவளுக்குத் தெரியாது. உள்ளே தெய்வங்கள் குடியிருக்கின்றன என்று நம்பி, மண்மேட்டின் முன்னால் ஒரு காசை வைக்கிறாள். எனக்கு உங்கள் குருப்பெண்ணைவிட இவள்தான் வேண்டும்.

அயர்லாந்தின் பழங்கதைகளிலும் இந்த இடம் வருகிறது. தாக்டா என்ற தெய்வம் போயின் ஆற்றின் தேவியோடு கூடி, ஒன்பது மாதங்கள் ஒரே நாளாகக் கழியும்படி செய்தார். அன்றே ஓங்குஸ் பிறந்தான். பின்னால் இந்த மேடு அவனுடைய வீடானது. எழுதிவைத்தவர்கள் இடைக்காலக் கிறிஸ்தவத் துறவிகள். ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று விடியலில் சூரிய ஒளி நுழையும் கட்டடத்தைப் பற்றிய கதையில் காலம் நின்றுபோவது தற்செயலா, புதைந்த வாசலைத் தாண்டி வந்த நினைவா? ஆய்வாளர் இதில் அடக்கிவாசிக்க வேண்டும். நாவலாசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சூரியன் உள்ளே வரும் என்ற பேச்சு அந்த வட்டாரத்தில் இருந்துவந்தது. அதைக் கேட்டுத்தான் அகழாய்வாளர் மைக்கேல் ஓகெல்லி 1967 டிசம்பர் 21ஆம் தேதி விடியற்காலையில் உள்ளறையில் காத்திருந்தார். ஒளி வந்தது.

அப்புறம், உங்கள் சிலிர்ப்பு. சுற்றிக்காட்டுபவர்கள் மின்விளக்கை வைத்துத்தான் அந்த ஒளியைக் காட்டுகிறார்கள். அப்படியும் சிலிர்த்தது என்றால் கட்டியவர்களின் திறமை அது. முதல் அத்தியாயத்தில் நீங்கள் போட்டிருக்கும் சாம்பிராணிப் புகையையும் மந்திரத்தையும் எடுத்துவிட்டு, அந்தக் கைவேலையை எழுதுங்கள். சுமார் 19 மீட்டர் நீளமுள்ள நடை மெல்ல மேலேறுகிறது. அறையின் தரை, வாசலுக்கு மேலே ஒளிக்கென்று விட்ட திறப்பின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. கூரைக் கற்களின் மேற்புறத்தில் மழைநீர் வடிய வாய்க்கால் கொத்தியிருக்கிறார்கள். இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல் மணலும் அடைத்திருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளாக உள்ளே ஈரமில்லை. எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. தங்கள் இறந்தவர்கள்மேல் ஒரு சொட்டு மழை விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். பக்தியை எழுத இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை போனால் ராஸ்காமன் மாவட்டத்து ராத்க்ரோகனுக்கும் போங்கள். அங்கே ஓவனகாட் என்ற குகை இருக்கிறது. நுழையும்போது தலைக்கு மேலே உள்ள கல்லில் ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்தின் கோடுகளைத் தேடுங்கள். மேவின் மகன் ஃப்ராய்க்கின் பெயர் அதில் இருக்கிறது; மேவ் அந்நாட்டுப் பழங்கதைகளில் வரும் அரசி. குளிர்காலம் தொடங்கும் சம்ஹைன் திருநாள் இரவில் மறுவுலகத்தார் வெளியே வரும் வாசல் என்று கதைகள் சொல்லும் இடம் அது. உள்ளே ஒரே சேறு. குனிந்தும் தவழ்ந்தும்தான் போக வேண்டும். பக்கத்தில் டல்ஸ்க் ஊரில் உள்ள மையத்தில் கேட்டால் வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாயகி உள்ளே நுழையக்கூடிய இடம் ஒன்று கதைக்கு வேண்டும் என்றால், அது இதுதான்.

அன்புடன்